குதிரைகளுக்கு விளையாட்டுப் பந்து: உபயோகமும் பராமரிப்பும்

குதிரை வைத்திருப்பவர் அதற்கு வேளைக்குப் புல்லும் கொள்ளும் வைத்து, தண்ணீர் காட்டி, உடம்பைத் தேய்த்துவிட்டால் தமது கடமை முடிந்ததென்று எண்ணுவது வழக்கம். உழவு மாட்டுக்கு இவ்வளவு போதுமானதாயிருக்கலாம். அது பகலில் வேலை செய்து, இரவில் படுத்து அசை போடும் பிராணி. குதிரையோ அசை போடுவதில்லை. படுத்துத் தூங்கும் நேரமும் சொற்பம். மேய்ச்சலில் விடப்பட்ட குதிரை நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் வரையில் மேய்வதும், மேய்ந்துகொண்டே நடப்பதுமாகக் காலங்கழிக்கிறது. அப்படிப்பட்ட பிராணியைக் குட்டைக் கயிற்றில் கட்டி, இரண்டு வேளைத் தீனியை அரைமணியில் தின்று முடிக்கச் செய்து, மீதிப் பொழுதெல்லாம் சுவரைப் பார்த்து நிற்கவிட்டால் அதன் குணங் கெடுவதில் ஆச்சரியமில்லை.

டிராக்டரும் மோட்டாரும் வந்த பிறகு வேலைக்காகக் குதிரை வைப்போர் குறைந்துவிட்டனர் என்பது உண்மையே. ஆயினும் ஈரோடு ஜில்லா அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் சந்தையில் இன்றும் குதிரைகள் விற்பனைக்கு வருகின்றன. கத்தியவாரி, மார்வாரி முதலிய வடநாட்டு ஜாதிகளை நல்ல விலை கொடுத்து வாங்குவோர் உள்ளனர். சிலர் ரேக்ளாப் பந்தயத்துக்கும், சிலர் சவாரிக்கும், சிலர் வீட்டு வாசலில் குதிரை நிற்பது ஒரு கௌரவம் என்பதற்காகவும் வாங்குகின்றனர். பந்தய காலம் போக மற்ற மாதங்களில் இக்குதிரைகளுக்கு வேலையில்லை. வேலையின்றி நிற்கும் குதிரைதான் தொட்டியின் விளிம்பைப் பல்லால் பற்றிக் காற்றை உறிஞ்சப் பழகுகிறது, நின்ற இடத்திலேயே முன்கால்களை மாற்றி மாற்றி வைத்து இடமும் வலமுமாக ஆடுகிறது, கொட்டிலுக்குள் ஓயாமல் வட்டமிடுகிறது, மரச்சட்டத்தை அரிக்கிறது. பேய் பிடித்ததென்று இதற்கு வேப்பிலை அடிப்பவர்களும் உண்டு. பிடித்திருப்பது பேயன்று, சோம்பலும் தனிமையும் காலி வயிறுமேயாம். தொட்டியைக் கடிக்கும் குதிரையின் முன்பற்கள் காலத்துக்கு முன்னே தேய்ந்துவிடும், விலையும் பாதியாகிவிடும்.

இத்தகைய குதிரைகளுக்குப் பொழுதுபோக்காகவும், புதுப் பொருள்களைக் கண்டு மிரளும் சுபாவத்தை மாற்றவும், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் காற்றடைத்த பெரிய பந்துகள் உபயோகிக்கப்பட்டு வருகின்றன. குதிரைக்கும் பெரும்பந்துக்கும் ஏற்பட்ட உறவு புதிதன்று. 1894-ஆம் வருஷத்தில் மாசசூசெட்ஸ் மாகாணத்து நியூட்டன் நகரில் எம். ஜி. கிரேன் என்பவர் 6 அடி விட்டமும் 50 ராத்தல் நிறையுமுள்ள பந்தைத் தள்ளியாடும் ஓர் ஆட்டத்தை உண்டாக்கினார். 1902-இல் நியூயார்க்கிலுள்ள டர்லண்ட் குதிரையேற்றப் பள்ளியில் அதே ஆட்டம் குதிரை மீதிருந்து ஆடப்பட்டது. பின்னர் இங்கிலாந்தில் கடற்படை, தரைப்படைக் காட்சிப் போட்டிகளிலும் அது இடம்பெற்றது. பந்தைத் தள்ளுவது சவாரிக்காரர் அல்லர், குதிரையின் மார்பும் முழங்காலுமே. தன்னைவிடச் சிறிதே தாழ்ந்த ஓர் உருண்டை எதிரே உருளும்போது அஞ்சி ஓடாமல் நெஞ்சால் முட்டித் தள்ளும்படி குதிரையைப் பழக்கலாம் என்பது அக்காலத்திலேயே தெரிந்துவிட்டது. குதிரைப் போலீஸ் படைகள் பல, ஜனக்கூட்டத்தில் மிரளாதிருக்கும் பொருட்டுத் தங்கள் குதிரைகளை இம்மாதிரிப் பந்துகளைக் கொண்டு பழக்குகின்றன.

பந்தின் அளவும் நிறமும்

இப்போது கிடைக்கும் பந்துகள் தடித்த வினைலால் செய்யப்பட்டவை. 25, 30, 40 அங்குல விட்டமுள்ளவை சாதாரணம். மட்டக்குதிரைக்கும் கழுதைக்கும் 25 அங்குலம் போதும். 14 அல்லது 15 கை உயரமுள்ள நமது குதிரைகளுக்கு 30 அங்குலம் பொருந்தும். 40 அங்குலப் பந்து பெருங்குதிரைகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரிய வெளியில் விடுவோருக்குமே ஏற்றது. மிகச் சிறிய பந்தை வாங்குவது கூடாது. குதிரை அதன்மேல் காலைத் தூக்கி வைக்கும். பந்து உருண்டால் முழங்காலில் விழும். காற்றடைக்க வேண்டாத, பிடியுள்ள சிறு பந்துகளும் உண்டு. அவை வாயால் கவ்வித் தூக்கி எறிய விரும்பும் குட்டிகளுக்கு உகந்தவை. அவற்றைப்பற்றி இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

நிறத்தைப்பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரர் சிவப்புப் பந்தையே முதலில் காட்டுவார்; மனிதர் கண்ணுக்கு அது எடுப்பாயிருக்கும். குதிரையின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் வேறுபடுமேயன்றிச் சிவப்பும் பச்சையும் நன்கு வேறுபடுவதில்லை. பசும்புல் தரையில் கிடக்கும் சிவப்புப் பந்தைத் தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாமல், அருகில் வந்தபின் திடுக்கிடக்கூடும். ஆகையால் நீலம் அல்லது மஞ்சள் நிறமே உத்தமம்.

பந்தோடு துணி உறை ஒன்றும் சேர்த்து வாங்குவது அவசியம். பலர் உறையின் விலையை மிச்சப்படுத்தி, ஒரு மாதத்தில் பந்தையே இழந்துவிடுகின்றனர். குதிரை பல்லைப் பதிப்பது உறையின்மேல். உள்ளே உள்ள வினைல் தப்புகிறது. முள்ளும் கல்லும் முதலில் தாக்குவதும் உறையையே.

காற்றடைக்கும் முறை

மோட்டார் டயர்களுக்குக் காற்றடைக்கும் கம்பிரசரிடம் பந்தைக் கொண்டுபோதல் கூடவே கூடாது. அதன் வேகத்தில் தையல் விட்டுப்போகும். சில சமயம் கையிலேயே வெடிக்கும். பந்துக்கென்று விற்கும் கைப்பம்பே போதுமானது. அரைமணி நேரம் பிடித்தாலும் பாதகமில்லை. பண்ணையாள் ஒருவன் ஒரு சுருட்டுப் பிடித்து முடிக்கும் நேரத்தில் ஆகவேண்டிய காரியமன்று. முதல் நாள் முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, தக்கையைச் செருகி, ஓர் இரவு நிழலில் விட்டுவைத்தால் புது வினைல் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். மறுநாள் மீதியை அடைக்கலாம்.

எவ்வளவு அடைத்தால் சரி என்பதைக் கண்ணால் மதிப்பிட்டு ஏமாறுகிறார்கள். அளவெடுக்க ஒரு சணல் கயிறே போதும். 30 அங்குலப் பந்தின் சுற்றளவு சுமார் 94 அங்குலம். 25 அங்குலப் பந்துக்குச் சுமார் 78 1/2. 40 அங்குலத்துக்குச் சுமார் 126. இந்த நீளத்தில் கயிற்றில் முடிச்சிட்டு லாயத்திலேயே மாட்டி வைத்துக்கொண்டு, பந்தின் நடுவில் சுற்றிப் பார்க்க வேண்டும். முடிச்சைத் தாண்டக்கூடாது. உறையிட்ட பந்தானால் உறை சுருக்கமின்றி நிறைந்திருக்க வேண்டுமே தவிர, பறைபோல் விறைத்து நிற்கக்கூடாது. உள்ளங்கையால் ஊன்றினால் சிறிது அமுங்கி, கையை எடுத்ததும் பழைய உருவம் பெறுவதே தக்க பதம். காற்றுக் குறைந்து தொய்ந்த பந்தை, விறைத்த பந்தைவிட அபாயமற்றதென்று நினைப்பது தவறு. தொய்ந்த பந்தில்தான் பல்லுக்கு மடிப்பு அகப்படும். கடித்து இழுத்துக் கிழித்துவிடும்.

நமது தேசத்து வெயில் இவ்விஷயத்தில் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. விடியற்காலையில் 25 டிகிரி உஷ்ணத்தில் அடைத்த காற்று, சித்திரை மாதத்து நண்பகலில் வெயிலில் கிடந்து 50 டிகிரிக்கு ஏறினால், உள்ளிருக்கும் காற்றின் மொத்த அழுத்தம் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு அதிகரிக்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு அற்பமென்று தோன்றலாம். ஆனால் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சிறிதே கூடுதலான அழுத்தமுள்ள பந்துக்கு இது பெரிய பாரம். காலையில் பதமாயிருந்த பந்து மத்தியானத்தில் கல்லாகிவிடும். குதிரை அப்போது முன்காலால் அடித்தால் துப்பாக்கி வெடித்தாற்போல் சத்தத்துடன் வெடிக்கும். அந்த ஒரு சத்தம் போதும், ஒரு மாதப் பழக்கமும் வீணாவதற்கு. ஆதலின் பந்து நிழலிலேயே இருக்க வேண்டும். விளையாட்டு முடிந்ததும் உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

குதிரைக்குப் பழக்குதல்

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் அது தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசையிலும் பார்க்கும். பார்வைக்கு எட்டாத இடங்கள் இரண்டு: ஒன்று நேர் பின்புறம், மற்றொன்று நெற்றிக்கு நேராகவும் மூக்கின் கீழாகவும் உள்ள சிறு இடம். பின்புறத்திலிருந்து பந்தை உருட்டிவிடுவது உதையை விலை கொடுத்து வாங்குவதாகும். மூக்கின் கீழே திடீரென்று நுழையும் பந்தும் அதேபோல் குதிரையைத் திடுக்கிடச் செய்யும்.

இவ்விஷயத்தில் வழக்கமாக நேரும் விபத்து ஒரே மாதிரியானது. பந்து வீட்டுக்கு வந்த அன்றே பிள்ளைகள் ஆசையினால் அதை முளையில் கட்டியிருக்கும் குதிரையை நோக்கி உருட்டுவார்கள். குதிரைக்குத் தப்பியோட வழியில்லை. அது பின்வாங்கிக் கயிற்றை இழுக்கும். முளை பெயரும், அல்லது தலைக்கயிறு அறும். முளையோடு ஓடும் குதிரை தன் கால்களில் அடிபடும் முளையைக் கண்டு மேலும் வெருளும். வழியில் நிற்பவர்கள் பாடு சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே கட்டியிருக்கும் குதிரையிடம் பந்தைக் கொண்டுபோகக்கூடாது என்பதை முதல் விதியாகக் கொள்ள வேண்டும்.

சரியான முறை மெதுவானது. முதல் இரண்டு மூன்று நாள்கள் பந்தைக் குதிரையின் கண்ணுக்குத் தெரியும்படி, எட்டாத தூரத்தில், அசையாமல் ஒரு வைக்கோல் பிரியின்மேல் வைத்துவிட வேண்டும். குதிரை காதை முன்னே நீட்டிப் பார்க்கும், மூச்சைச் சீறி விடும். பிறகு அலட்சியமாகப் புல் தின்னத் தொடங்கும். அலட்சியம் வந்த பின்பே அடுத்த காரியம். ஒருவர் குதிரையை நீண்ட கயிற்றில் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் பந்தைக் குதிரைக்கு எதிராக அன்றிக் குதிரையை விட்டு அப்பால் போகும்படி மெல்ல உருட்ட வேண்டும். தன்னை நோக்கி வருவது சத்துரு, தன்னைக் கண்டு விலகுவது சாது என்பது புல் தின்னும் பிராணிகளின் புத்தி. விலகிப்போகும் பந்தைக் குதிரை தானே பின்தொடரும். நின்ற பந்தை முகர்ந்து மூக்கால் தொட்டவுடன் ஒரு துண்டுக் காரட்டோ கைப்பிடிக் கொள்ளோ கொடுத்து, அன்றையப் பாடத்தை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். ஒருபோதும் கயிற்றைப் பிடித்துப் பந்தருகே இழுக்கலாகாது. சாட்டையின் உதவியும் இங்கே உதவாது.

சில குதிரைகள் மூன்றாம் நாளே பந்தை நெஞ்சால் முட்டி வெளி முழுவதும் துரத்தும். சில ஒரு மாதமாகியும் ஏறெடுத்துப் பாரா. குட்டிகளும் இளம் ஆண் குதிரைகளும் விரைவில் இசையும். வயதான பெண் குதிரை இசையாவிட்டால் அதை வற்புறுத்துவதில் பயனில்லை. பந்து வாங்கிவிட்டோமே என்பதற்காகக் குதிரை விளையாடியாக வேண்டுமென்ற கட்டாயமொன்றுமில்லை.

கால் மணி நேரத்துக்கு மேல் ஒரு தடவையில் விளையாட விடவேண்டாம். எந்நேரமும் பந்து கொட்டிலில் கிடந்தால் அதன் புதுமை போய்விடும். மேற்பார்வை இல்லாதபோது கடிக்கவும் தொடங்கும். விளையாட்டுக்கு விடியற்காலையும் சாயங்காலமும் ஏற்றவை. கொள்ளு தின்ற ஒரு மணி நேரத்துக்குள் ஓடவிடுதல் கூடாது. நொண்டும் குதிரைக்கும், குளம்பில் சூடு கண்ட குதிரைக்கும் பந்து உதவாது.

இடத்தைத் தெரிந்தெடுப்பதில் நம்மவர் காட்டும் அலட்சியம் பெரிது. சமதளமான புல் தரையோ மணல் தரையோ வேண்டும். முள்கம்பி வேலி இருக்கக்கூடாது. பந்து வேலியில் மாட்டினால் குதிரை அதை விடுவிக்கக் காலை நீட்டி, சதை கிழிபடும். சீமைக் கருவேலும் நெருஞ்சியும் இல்லாத தோட்டம் அபூர்வமாகையால் முன்கூட்டியே பெருக்கிவிடுதல் நன்று. பந்துக்கு மட்டுமன்றிக் குளம்புக்கும் நல்லது. முள் குத்திய காயத்தினால் ரணஜன்னி காணும் பிராணிகளில் குதிரையே முதன்மையானது என்பதை மறக்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கைப்பிடிச் சுவரில்லாத பாசனக் கிணறு அருகில் உள்ள இடத்தில் பந்தை வெளியே எடுக்கவே வேண்டாம். பந்தைத் துரத்தும் குதிரை பந்தையே பார்க்கும், தரையைப் பாராது. அம்மியையும் பறக்கவிடும் என்று சொல்லப்படும் ஆடிக் காற்றில், பந்து எங்கே போகுமென்று யாரும் சொல்ல முடியாது. அக்காலத்தில் அதை லாயத்துக்குள்ளேயே கட்டி வைப்பது புத்திசாலித்தனம். விளையாடும்போது குதிரைக்கும் பந்துக்கும் இடையில் எவரும் நிற்கலாகாது. பின்னங்காலால் உதைத்த பந்து வளர்ந்த ஆளையும் வீழ்த்தும்.

பழுது பார்த்தலும் பத்திரப்படுத்தலும்

விளையாட்டு முடிந்ததும் பந்தை ஈரத்துணியால் துடைத்து, முள் ஏதேனும் தைத்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். தைத்த முள்ளை உடனே பிடுங்காமல், முதலில் அவ்விடத்தைச் சுண்ணாம்பாலோ சாக்குக்கட்டியாலோ குறித்துக்கொண்டால் பின்னர் துவாரத்தைத் தேட வேண்டியிராது. காற்று இறங்குகிறதென்ற சந்தேகமிருந்தால் சோப்பு நுரையைத் தடவினால் குமிழி கிளம்பும் இடம் தெரிந்துவிடும். ஒட்டுப் போடுவதில் ஒரு பிழை எங்கும் நடக்கிறது. சைக்கிள் ட்யூபுக்கு உபயோகிக்கும் ரப்பர் சொல்யூஷனும் ரப்பர் ஒட்டும் வினைலில் நிலையாக நிற்பதில்லை, மறுநாளே உரிந்துவிடும். வினைலுக்கென்று தனியாக விற்கும் பசையையும் வினைல் துண்டையும் வாங்கி, காற்றை இறக்கி, இடத்தைத் துடைத்து உலர்த்தி, ஒட்டியபின் ஓர் இரவு பாரம் வைத்து அழுத்திவைக்க வேண்டும். தையலின்மேல் விட்ட கிழிசலுக்கு ஒட்டு எடுபடாது.

மண்ணெண்ணெய், பெட்ரோல் முதலியவற்றால் பந்தைத் துடைத்தல் ஆகாது. உறையைச் சாதாரணச் சோப்பில் துவைத்து நிழலில் உலர்த்தினால் போதும். ஈரமாக மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பல நாள் உபயோகமில்லையானால் காற்றை இறக்கி, மடிப்பு விழாமல் தளரச் சுருட்டி, எலி ஏறாத இடத்தில் தொங்கவிட வேண்டும்.

பந்தினால் விளையும் அபாயங்களுள் மிகக் கொடியது கண்ணுக்குத் தெரியாதது. கிழிந்த பந்தின் துண்டைக் குதிரை விழுங்கிவிட்டால் அதை வாந்தியெடுக்க அதனால் இயலாது. குதிரையின் உடலமைப்பு அப்படி. துண்டு குடலில் அடைத்துக்கொள்ளும். குதிரை தீனியை வெறுத்து, முன்காலால் தரையைப் பறித்து, அடிக்கடி தன் விலாவைத் திரும்பிப் பார்த்து, வியர்த்து, படுத்துப் புரளுமானால் அது சூலை. லத்தி போடாமலிருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போது தீனியை எடுத்துவிட்டு உடனே கால்நடை டாக்டரை அழைக்க வேண்டும். எண்ணெயையோ கஷாயத்தையோ மூங்கில் குழாய் வைத்து ஊற்றுவது, நுரையீரலுக்குள் போய்ச் சூலையைவிட விரைவில் உயிரைக் குடித்துவிடும். ஆகையால் கிழிந்த பந்தின் துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, ஒரு துண்டு குறைந்தாலும் குதிரையை அன்றும் மறுநாளும் கண்காணிக்க வேண்டும்.

அண்டை வீட்டாருக்குப் பந்தை இரவல் கொடுப்பதும் யோசிக்கத்தக்க விஷயம். குதிரை மூக்கால் தொட்டு விளையாடும் பொருள் அது. மூக்கொழுகும் குதிரை தொட்ட பந்தை மற்றொரு குதிரை தொட்டால் தொண்டைக்கட்டி நோயும், கிளாண்டர்ஸ் என்னும் கொடிய நோயும் பரவக்கூடும். பின்னது மனிதரையும் தொற்றும். 2009-ஆம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்ந்தது. அந்நோய் இருக்கலாமென்று கருதும் உரிமையாளர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துப் பொறுப்பாளருக்கோ அறிவிக்கக் கடமைப்பட்டவர். அவர்கள் அதை அருகிலுள்ள கால்நடை டாக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். சந்தையிலிருந்து புதிதாக வந்த குதிரையைச் சில வாரங்கள் தனியே வைத்திருந்த பிறகே பழைய குதிரையின் பந்தை அதற்குக் கொடுக்கலாம்.

இவ்வளவும் சொல்லிய பின், பந்தின் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். 350 கிலோ நிறையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த நிலையில் 5 கிலோவுக்குக் குறையாமல் புல்லோ வைக்கோலோ வேண்டும். அதுவும் ஒரே வேளையில் அன்று, பல வேளைகளில் பிரித்து. காலி வயிற்றிலும் அதன் இரைப்பையில் புளிப்புநீர் சுரந்துகொண்டேயிருப்பதால், நெடுநேரம் தீனியில்லாவிடில் புண் உண்டாகும். மற்றொரு குதிரையோ, அதுவும் இல்லாதபோது ஒரு கழுதையோ ஆடோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிற்பது பத்துப் பந்துகளுக்குச் சமம். தொட்டியைக் கடிக்கும் வழக்கம் வருஷக்கணக்கில் வேரூன்றிய குதிரைக்குப் பந்து கொடுத்தால் அது விளையாடும் நேரத்தில் விளையாடும், கடிக்கும் நேரத்தில் கடிக்கும். இளங்குதிரைக்கு வழக்கம் பிடிக்குமுன் கொடுப்பதே பிரயோஜனமுள்ளது.

உபயோகமற்றுப்போன பந்தையும் உறையையும் குப்பைமேட்டில் எறிவது வழக்கமாகிவிட்டது. ஊர் மாடுகள் குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைத் தின்று வயிறு உப்பிச் சாவதைக் கிராம அதிகாரிகள் நன்கறிவர். பழைய பந்தைப் பல துண்டாக அறுக்காமல் முழுதாகச் சுருட்டிக் கட்டி, பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் தனியே ஒப்படைக்க வேண்டும். வயலோரத்தில் கொளுத்தினால் எழும் புகை ஆளுக்கும் மாட்டுக்கும் ஆகாது.